செட்டக்கா பாதியில் நிறுத்திய வேலை

கடைக்கு இரண்டு போர்டுகள். இடது பக்கப் போர்டில் ‘ஆண்களுக்கு அளவெடுத்துத் துணி தைத்துத் தரப்படும்’ என்று இருக்கும். வலது பக்கப் போர்டில் ‘செயின் மட்டும் மாற்றித் தரப்பட மாட்டாது’ என்று இருக்கும். முதல் போர்டு தையல்காரருடையது. இரண்டாவது அவருடைய மனைவியுடையது. என்ன செய்து கொடுப்போம் என்று எழுதி வைக்கிற கடைகள் எத்தனையோ உண்டு. என்ன செய்ய மாட்டோம் என்று எழுதி வைத்து வியாபாரம் நடத்தியது, எங்களுக்குத் தெரிந்து, அந்த அம்மா ஒருவர்தான்.

தெருவில் அவருக்குச் செட்டக்கா என்று பெயர். வாய்க்கு வாய் “செட்டா மாத்தணும்” என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். பைக்கில் முன்னால் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு செயின். ஓட ஓட மூன்றும் சேர்ந்துதான் தேயும். ஆனால் வருகிறவர்கள் செயினை மட்டும் மாற்றச் சொல்வார்கள். ஏனென்றால் வழியில் கழன்று மானத்தை வாங்குவது அதுதான். செட்டக்கா வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தில் கிடக்கும் செயினை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டுவார். செயின் பல்லை விட்டு எழும்பும். நடுவில் வெளிச்சம் தெரியும். பிறகு பல்லைத் தடவிப் பார்க்கச் சொல்வார். நேராக நிற்க வேண்டிய பற்கள் எல்லாம் தேய்ந்து, கூர்ந்து, ஒரே பக்கமாகக் கொக்கி போல வளைந்திருக்கும்.

“பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா மூணே மாசம். கடிச்சுத் துப்பிடும்” என்பார்.

மிக்ஸிக்கும் இதே சட்டம்தான். ஜாருக்கு அடியில் ஒரு பல்லு வைத்த கப்ளர் இருக்கும், மோட்டார் தலையில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. ஒன்று மழுங்கினால் இரண்டையும் மாற்றுவார். வாஷிங் மெஷினில் பெல்ட் வழுக்கினால் அது சுற்றும் புல்லியையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார். ஒரு கணக்கு வாத்தியார் இந்த விஷயத்தில் அவரோடு முக்கால் மணி நேரம் வாதாடினார். கடைசியில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்பதற்காக மட்டுமே ஒத்துக்கொள்வதாகச் சொல்லி, செட்டாக மாற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் கடைப் பக்கமே வரவில்லை. வண்டி கெட்டால்தானே வருவார். செட்டக்காவின் தொழிலில் இருந்த ஒரே குறை அதுதான்: ஒருமுறை வந்தவர்கள் சீக்கிரத்தில் மறுபடி வர மாட்டார்கள்.

இந்த வேலையை அவர் யாரிடமும் போய்க் கற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் அடுக்கும் வேலையில் இருந்தார். பிஸ்கட்டுகளைச் சுமந்து வரும் நீளமான பட்டை ஒன்று செயினில் ஓடும். அந்தச் செயின் தினமும் ஒரு தடவையாவது கழன்றுகொள்ளும். கழன்றால் மெக்கானிக் வந்து சேர இருபது நிமிஷம், மாட்ட பத்து நிமிஷம். அந்த அரை மணி நேரமும் முப்பது பெண்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள், தலை வாரிக்கொள்வார்கள், ஒருத்தி ஸ்வெட்டரே பின்னி முடித்தாள். செட்டக்காவுக்குக் கதை பேச வராது. மெக்கானிக் பின்னாலேயே போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மெக்கானிக் லீவு. செயின் கழன்றது. இவர் ஒரு ஸ்பேனரை எடுத்து நான்கு நிமிஷத்தில் மாட்டிவிட்டார்.

அன்றைக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். முப்பது பெண்களும் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அதோடு விட்டாரா என்றால் இல்லை. செயின் ஏன் கழல்கிறது என்று ஆராய்ந்து, பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று மேனேஜர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். மாற்றினார்கள். அதன் பிறகு அந்தப் பட்டை எட்டு மாதம் ஒரு நொடி கூட நிற்கவில்லை. கல்யாணம் நிச்சயமாகி அவர் வேலையை விடப்போகிறார் என்று தெரிந்ததும், கூட வேலை பார்த்தவர்கள் கைக்காசு போட்டுப் பெரிய விருந்தே வைத்தார்கள். தன் மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம் என்று செட்டக்கா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

தையல்காரர் அந்தக் கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பிரிந்த தையலை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் சட்டையில் தோள் பிரிந்திருந்தால், சட்டைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, தைத்துத் தரட்டுமா என்று கேட்டுவிடுவார். இப்படி இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே தொழில் செய்தால் என்ன ஆகும்? நடுவில் ஒரு பலகைத் தடுப்பு இருந்தும், வெள்ளைச் சட்டைகளில் எப்படியோ கிரீஸ் விரல் பதிந்துவிடும். செட்டக்கா தான் அந்தப் பக்கமே வரவில்லை என்பார். தையல்காரர், விரல் ரேகை யாருடையது என்று கேட்க மாட்டார். சோப்புத் தூளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

சண்டை போடுவதற்கென்று தனியாக ஒரு ஆள் இருந்தார். தையல்காரரின் அக்கா, அதாவது செட்டக்காவின் நாத்தனார். அடுத்த தெருவில் வீடு. சாயங்காலம் தவறாமல் வந்து, தம்பியின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தடுப்புக்கு மேலாகத் தம்பி மனைவியைக் குறை சொல்லுவார். பொம்பளை கையில் இப்படி மசி இருக்கலாமா, நகத்தைப் பார்த்தால் சாப்பிட மனசு வருமா என்று ஆரம்பித்து, தன் வீட்டு மிக்ஸி வரைக்கும் வருவார். அந்த மிக்ஸிக்கு ஜாரின் கப்ளரை மட்டும் கடையில் வாங்கி அவரே மாட்டிக்கொண்டார். செட்டக்கா வேண்டாம் என்று சொன்னதால்தான் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம். எட்டாவது நாள் அது ரப்பர் வாசனையோடு மாவாகிப் போனது. செட்டக்காவின் வாய் முகூர்த்தம்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கழுத்தில் தடிமனாக ஒரு செயின் கிடக்கும். எட்டுப் பவுன். அது எட்டுப் பவுன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் பேச்சு மழையைப் பற்றி இருந்தாலும் சரி, விலைவாசியைப் பற்றி இருந்தாலும் சரி, கடைசியில் அந்த எட்டுப் பவுனில்தான் வந்து இறங்கும். பேசும்போது ஒரு விரலால் அதை நெருடிக்கொண்டே இருப்பார். ஒருநாள் செட்டக்கா எண்ணெயில் ஊறப்போட்டிருந்த பைக் செயினைப் பார்த்து, “நீயும் செயினோடதான் இருக்க, நானும் செயினோடதான் இருக்கேன். எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து” என்றார். செட்டக்கா, “உங்க செயின்ல ஓட்டம் இல்லையே அண்ணி” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நாத்தனார் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை. அந்த ஒரு வாரமும் தையல்காரர் வேலை செய்தபடியே மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். தார் ரோடு கொதிக்கிற வெயில். நாத்தனார் காய்கறி வண்டிக்காரரிடம் முட்டைக்கோஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்ட நெட்டையன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் குட்டையாக, உருண்டையாக இருந்தான். உருண்டையானவன் கையை நீட்டி ஒரே இழுப்பில் செயினைப் பறித்தான். நாத்தனார் நிலை தடுமாறி முட்டைக்கோஸ் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. பட்டதெல்லாம் முட்டைக்கோஸுக்குத்தான். அவர் வாயைத் திறந்து கத்துவதற்குள் பைக் மூலையில் திரும்பி மறைந்துவிட்டது.

திருடர்கள் அவசரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்கள். முறுக்கிய முறுக்கில், தேய்ந்துபோன பல்லின் மேல் செயின் துள்ளி, இரண்டு சந்து தாண்டியதும் கழன்று விழுந்தது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தள்ளுகிற வேகத்தில் உருண்டையானவனின் பேன்ட் பின்பக்கத் தையல் டர்ரென்று மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. அப்போது எதிரே ஒரு கடை தெரிந்தது. வலது பக்கத்தில் செயின், இடது பக்கத்தில் பேன்ட். அவர்களுடைய இரண்டு கஷ்டங்களுக்கும் ஒரே இடத்தில் தீர்வு இருந்தது. போர்டில் எழுதியிருந்ததை முழுதாகப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை.

செட்டக்கா ஒரு வாஷிங் மெஷின் புல்லியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெட்டையன் மூச்சு வாங்க, செயினைச் சும்மா எடுத்து மாட்டிவிட்டால் போதும், உடனே போய்விடுவோம் என்றான். செட்டக்கா வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். செயினை எடுத்துப் பல்லின் மேல் வைத்து இழுத்தார். அவர் முகம் இறுகியது.

“இதுல எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். “பல்லே இல்ல. இதை மாட்டி அனுப்பினா அடுத்த தெருவுலயே மறுபடி கழண்டுடும்.”

“அடுத்த தெரு வரைக்கும் போனா போதும்க்கா” என்றான் நெட்டையன்.

பதினைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாமா, நடு ரோட்டில் பின்னால் லாரி வரும்போது கழன்றால் யார் கதி என்ன என்று கேட்டுக்கொண்டே சக்கர அச்சான ஆக்சிலைத் தட்டி உருவிவிட்டார். பின்சக்கரம் கையோடு வந்தது. நெட்டையன் “அக்கா, அக்கா” என்று கையை நீட்டுவதற்குள் பெரிய பல்சக்கரத்தின் நான்கு போல்ட்டில் இரண்டு கழன்றாகிவிட்டது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். முக்கால் மணி நேரம் என்றார். அவசரப்படுத்தினால் ஒரு மணி நேரம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதற்குள் தையல்காரரின் கண் உருண்டையானவனின் பேன்ட்டில் விழுந்துவிட்டது. அவன் சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டுதான் நின்றான். ஆனாலும் பிரிந்த தையல் தையல்காரருக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும் போல. பரவாயில்லை தம்பி, இதிலெல்லாம் வெட்கப்பட என்ன இருக்கிறது, திரைக்குப் பின்னால் போய்க் கழற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிஷம் என்றார். அவன் வேண்டாம் என்றான். அவர் விடவில்லை. இப்படியே தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் அன்றைக்கு அவனுக்கு முக்கியம். அளவு பார்க்கும் சின்ன அறைக்குள் போய், திரையை இழுத்துவிட்டு, பேன்ட்டை மட்டும் வெளியே நீட்டினான். தையல்காரர் உடுத்திக்கொள்ள ஒரு கோடு போட்ட லைனிங் துணியை உள்ளே கொடுத்தார்.

நெட்டையன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கி விட்டிருந்தான். இந்த வெயிலில் தலை வெந்துவிடாதா, கழற்றி வையுங்கள் என்று செட்டக்கா சொன்னதற்கு, ஜலதோஷம் என்றான். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க வியர்வை ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. வழுக்கை போலிருக்கிறது, பாவம், வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு செட்டக்கா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தார். தலை கலைந்து, புடவையில் முட்டைக்கோஸ் இலை ஒட்டிக்கொண்டு, அழுதுகொண்டே வந்தார். நசுங்கிய காய்க்கு யார் பதில் சொல்வது என்று கேட்பதற்காகக் காய்கறி வண்டிக்காரரும் கூடவே வந்தார். நாத்தனார் யாரையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து நெட்டையனுக்குப் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என் செயினை அறுத்துட்டுப் போயிட்டாங்கடா தம்பி” என்றார்.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். செட்டக்கா கையில் சுத்தியலோடு தடுப்பைத் தாண்டி வந்தார். நாத்தனாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பைக்கில் வந்தார்களாம். ஆறு பேராம். ஒவ்வொருவனும் பனைமர உயரமாம். ஒருத்தன் கையில் முழ நீளத்துக்குக் கத்தி இருந்ததாம், கழுத்துக்கு இரண்டு அங்குலத்தில் வந்து தப்பித்ததாம். காய்கறி வண்டிக்காரர் ஒரே பைக்தான் என்று திருத்தப் பார்த்தார். முதலில் முட்டைக்கோஸைப் பார்த்தாயா, பைக்கைப் பார்த்தாயா என்று நாத்தனார் அவரை அடக்கிவிட்டார். பக்கத்திலேயே நெட்டையன் திருடனுக்குத் தேள் கொட்டியது போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“எட்டுப் பவுன்” என்று நாத்தனார் நெஞ்சில் கையை வைத்தார். “முழுசா எட்டுப் பவுன். அந்தப் பாவிங்களுக்கு இனிமே ஆயுசுக்கும் உழைக்கவே வேண்டாம்.”

திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு அந்தக் கால் மணி நேரமாக வேறு வேலை இல்லை. செயினை எடுத்து, சட்டைப் பொத்தானால் ஓரமாகச் சுரண்டிப் பார்த்திருக்கிறான். மஞ்சள் பூச்சு உரிந்து, உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்திருக்கிறது. இத்தனை ஓட்டமும், இத்தனை அவமானமும், கிழிந்த பேன்ட்டும் இதற்குத்தானா என்று அவன் நொந்துபோய் நின்றிருந்த நேரத்தில் எட்டுப் பவுன் என்ற வார்த்தை அவன் காதில் விழுந்தது. மனிதன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான். ஏமாந்ததைப் பெருமையாகப் பேசக் கேட்டால் பொறுக்க மாட்டான். திரையை விலக்கிக்கொண்டு, கோடு போட்ட துணியோடு வெளியே வந்தான். செயினை உயரத் தூக்கிப் பிடித்தான்.

“எதுங்க எட்டுப் பவுன்? இது கவரிங்கு.”

நாத்தனார் எழுந்து நின்றார். திருடன் என்று கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அழுத சத்தம் கேட்டு மருந்துக் கடைக்காரரும் நானும் வாசலுக்கு வந்திருந்தோம்.

“யார்றா கவரிங்குன்னு சொன்னது? கண்ணு இருக்கா உனக்கு?” என்றார் நாத்தனார்.

“நீங்களே பாருங்கம்மா, செம்பு தெரியுது.”

“அது வெயில்ல கறுத்தது.”

“தங்கம் எந்த ஊர்ல வெயில்ல கறுக்கும்?”

இந்த விவாதம் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கும். அதற்குள் நெட்டையன் எழுந்துவிட்டான். முதலில் பைக்கைப் பார்த்தான். அதற்குப் பின்சக்கரம் இல்லை. பிறகு வாசலைப் பார்த்தான், ஓடினான். ஆனால் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி. கண் தெரியாமல் ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த கடையின் இரும்பு ஷட்டரில் தலையால் முட்டினான். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஹெல்மெட் நல்ல ஹெல்மெட், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் எழுவதற்குள் காய்கறி வண்டிக்காரர் ஓடிப்போய் அவன் மேல் உட்கார்ந்துகொண்டார். முட்டைக்கோஸ் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

உருண்டையானவனுக்கும் ஓட ஆசைதான். “அண்ணே, பேன்ட்டைக் கொடுங்க” என்று கெஞ்சினான்.

தையல்காரர் பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தார். “இன்னும் ஒரு ஓரம் பாக்கி இருக்கு தம்பி” என்றார். அதை அவர் தந்திரமாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போலீஸ் வரும்வரை அவன் அந்தக் கோடு போட்ட துணியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலேயே இருந்தான். போலீஸ் வருவதற்குள் பேன்ட் தயாராகிவிட்டது. இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் வேறு விதமான சிக்கல் வந்தது. எழுதுகிற போலீஸ்காரர் கைப்பற்றிய பொருள்களைப் பட்டியல் போட்டார். செயின் என்று எழுதி, இரண்டு என்று போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பேரிடம் பறித்தார்களா என்று கேட்டார். ஒன்று கழுத்து, ஒன்று பைக் என்று விளக்கினார்கள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அடுத்தது, கழுத்துச் செயின் எதனால் ஆனது என்ற கேள்வி. சப்-இன்ஸ்பெக்டர் நாத்தனாரைப் பார்த்து, தங்கம் என்று எழுதினால் ஆசாரியை வைத்து உரசிப் பார்த்துச் சான்று வாங்க வேண்டியிருக்கும், கவரிங் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளலாம், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஸ்டேஷனில் எங்கள் தெருக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தோம். நாத்தனாரின் கணவரும் ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தார். நாத்தனார் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் விரல் தன்னையறியாமல் கழுத்துக்குப் போய், நெருட ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. அத்தனை வருடத்தில் அவர் பேச்சில்லாமல் நின்று நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கவரிங்குதான். அசலைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்க நான் என்ன முட்டாளா? அது வீட்டுல பத்திரமா இருக்கு” என்றார்.

மருந்துக் கடைக்காரர் லேசாக இருமினார். அந்த இருமலில் சந்தேகம் இருந்தது. அதைக் கேட்டதும் செட்டக்கா முன்னால் வந்தார்.

“ஆமா சார். அசலு வீட்டுல இருக்கு. நான் பார்த்திருக்கேன். இதை விடத் தடிமன்.”

செட்டக்கா பொய் சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. இரண்டு மாதம் ஓடும் என்று தெரிந்த பெல்ட்டை மூன்று மாதம் ஓடும் என்று கூடச் சொல்லாதவர். அதனால் அத்தனை பேரும் நம்பிவிட்டோம். நம்பாதவர் நாத்தனார் ஒருவர்தான். அவர் திரும்பி, தம்பி மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முந்தானையில் ஒட்டியிருந்த முட்டைக்கோஸ் இலையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “இதை விடக் கொஞ்சம்தான் தடிமன்” என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் திருத்திச் சொன்னார்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்து வந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து நாத்தனார் சாயங்காலம் தடுப்பின் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். குறை சொல்வது நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று இடம் மாறியதாகத் தையல்காரர் நினைத்தார்.

செட்டக்காவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. திருட்டைப் பற்றிய கவலை இல்லை. அந்த பைக்கைச் சக்கரம் இல்லாமலேயே தள்ளுவண்டியில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருந்தார்கள். தன் கையால் கழற்றிய ஒன்றை மாட்டாமல் விட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. இரண்டு போல்ட் கழற்றி இரண்டு போல்ட் கழற்றாமல் நிற்கிறதே என்று தையல்காரரிடம் இரண்டு முறை சொன்னாராம். பாதி தைத்த சட்டையை வைத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று தனக்குப் புரிவதாக அவர் சொன்னாராம்.

விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்தே ஆள் வந்தது. பைக்கும் திருட்டு பைக்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர்த் தபால்காரர் ஒருவருடையது. பதினோரு மணிக்குத் திருடர்களோடு பைக்கையும் கோர்ட்டில் காட்ட வேண்டும். ஜீப்பில் அதை ஏற்ற இடமில்லை. ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் சக்கரம் கோணிப்பையில் இருக்கிறது. கழற்றியவரே வந்து மாட்டிக் கொடுக்கட்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

செட்டக்கா புது செட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சும்மா சக்கரத்தை மாட்டினால் போதும், கோர்ட் வரைக்கும்தான் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். செட்டக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். பழைய செயினையும் பல்சக்கரங்களையும் ஒரு பையில் போட்டுச் சாட்சியாகக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் முற்றத்தில் உட்கார்ந்து புதுசை மாட்ட ஆரம்பித்தார். சின்னச் சக்கரம், பெரிய சக்கரம், போல்ட், செயின், அதன் பூட்டு. வேலைக்குப் போகிற வழியில் நானும் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நான்கு போலீஸ்காரர்களும் வட்டமாக நின்றிருந்தார்கள். எழுதுகிற போலீஸ்காரர் மெல்ல, தன்னுடைய வண்டியிலும் ஒரு சத்தம் வருகிறது என்றார். சத்தம் எப்போது வருகிறது, கியர் மாற்றும்போதா, ஓடும்போதா என்று செட்டக்கா தலை நிமிராமலே விசாரித்தார்.

வேலை முடிந்து அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்ட நேரத்தில், உள்ளே கம்பி போட்ட ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. உருண்டையானவன் நின்றிருந்தான். தைத்த பேன்ட்டைத்தான் போட்டிருந்தான்.

“அக்கா, பின் வீல் ஒரு நூல் இடது பக்கம் சாஞ்சிருக்கு” என்றான்.

போலீஸ்காரர்கள் அவனை அதட்டினார்கள். செட்டக்கா கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, குனிந்து, சக்கர அச்சின் இரண்டு பக்கமும் இருக்கும் அளவுக் கோடுகளைப் பார்த்தார். உண்மைதான். இடது பக்கம் ஒரு கோடு தள்ளியிருந்தது. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக்கி, மறுபடி இறுக்கினார்.

“எங்க வேலை பார்த்த?” என்று கேட்டார்.

ஒரு சைக்கிள் கம்பெனியில் நான்கு வருடம், சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் இருந்ததாகச் சொன்னான். செட்டக்கா அவனை, ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் கடைக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, எழுதுகிற போலீஸ்காரரின் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.